பல சமூக ஊடகக் கணக்குகளை ஒரே இடத்தில் கவனிக்க எந்த டூல்? கேள்வி பதில்

கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதுபற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எங்கள் சேலைக் கடைக்கு ஒரு ஃபேஸ்புக் பேஜ், ஒரு இன்ஸ்டாகிராம், அவ்வளவுதான். எந்த டூல் வாங்கலாம்?

எதையும் வாங்க வேண்டாம். மெட்டா பிசினஸ் சூட் இலவசம். இரண்டுக்கும் போஸ்ட்களை முன்கூட்டியே ஷெட்யூல் செய்யலாம், கமெண்ட், மெசேஜ் எல்லாவற்றையும் ஒரே இன்பாக்ஸில் பார்க்கலாம். நாளைக்கு யூடியூப் தொடங்கினாலும் யூடியூப் ஸ்டுடியோவிலேயே நேரம் குறித்து வைக்க முடியும். அந்தக் காசைச் சேலைகளை நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் செலவழியுங்கள்.

தனியாளாக ஐந்து வாடிக்கையாளர்களைப் பார்க்கிறேன். பஃபர், ஹூட்சூட், ஜோஹோ சோஷியல், இதில் எது மலிவு?

விலையைப் பார்க்கும் முன், அவர்கள் எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். பஃபர் சேனல் எண்ணிக்கைப்படி வாங்கும்; நீங்கள் இணைக்கும் ஒவ்வொரு சமூக ஊடகக் கணக்கும் ஒரு சேனல். ஹூட்சூட், ஸ்ப்ரவுட் சோஷியல் போன்றவற்றில் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது முக்கியம். ஜோஹோ சோஷியல் பிராண்டு எண்ணிக்கைப்படி வாங்கும்; ஒரு வாடிக்கையாளரின் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு பிராண்டு. உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் நான்கு கணக்குகள் என்றால், பஃபரில் 20 சேனல், ஜோஹோவில் 5 பிராண்டு. ஆள் நீங்கள் ஒருவர்தான். ஆகவே இந்த மூன்று விதத்திலும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடுத்த வருடம் உதவிக்கு ஒருவரைச் சேர்ப்பதாக இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். ஆள் கணக்கில் வாங்கும் டூல்களில் செலவு ஏறுவது அங்கேதான்.

பழகிப் பார்க்க பஃபரின் இலவசத் திட்டம் போதும்: 3 சேனல், ஒவ்வொன்றிலும் ஷெட்யூல் செய்து வரிசையில் காத்திருக்க 10 போஸ்ட். ஹூட்சூட்டின் இலவசத் திட்டம் 2023-இல் நின்றுவிட்டது. பழைய வீடியோக்களை நம்பித் தேட வேண்டாம்.

இன்ஸ்டாவில் டூல் தானாகப் போஸ்ட் போடாமல் போனுக்கு நோட்டிஃபிகேஷன் மட்டும் அனுப்புகிறது. வேறு டூலுக்கு மாறலாமா?

மாறினாலும் அப்படித்தான் இருக்கும். உங்களுடையது பெர்சனல் கணக்காக இருக்கலாம். பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக மாற்றுங்கள். அவற்றில் மட்டுமே வெளி டூல் தானாகப் போட இன்ஸ்டாகிராம் அனுமதிக்கிறது. எந்த டூலும் அந்தந்தத் தளம் திறந்துவிடும் வாசல் வழியாகத்தான் போக முடியும். ஃபேஸ்புக் தனிநபர் ப்ரொஃபைலுக்கு அந்த வாசல் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது, குரூப்களுக்கு 2024 ஏப்ரலில். இவற்றில் தானாகப் போஸ்ட் போடுவதாக யாராவது விளம்பரம் செய்தால், தயவுசெய்து விலகி நில்லுங்கள்.

எக்ஸ் (முன்பு ட்விட்டர்) கணக்குகளைக் கவனிக்கும் ட்வீட்டெக் டூல் இன்னும் இலவசமா?

இல்லை. 2023 ஆகஸ்டில் எக்ஸ் ப்ரோ ஆகி, காசு கட்டுபவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அப்புறம், எந்த டூலிலும் ஒரே வாசகத்தைப் பல எக்ஸ் கணக்குகளில் ஒரே நேரத்தில் போடாதீர்கள். 2018-லிருந்தே அது விதிமீறல்.

வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பரவாயில்லையா?

வேண்டவே வேண்டாம். எத்தனை முறை சொன்னாலும் போதாது. நல்ல டூல் உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காது; அந்தத் தளத்தின் லாகின் பக்கத்துக்கே அனுப்பி, அனுமதி மட்டும் வாங்கும். ஃபேஸ்புக் பேஜ் என்றால் வாடிக்கையாளரே உங்களுக்கு அணுகல் தரலாம். வேலை முடிந்ததும் அந்த அனுமதியை மட்டும் நீக்கினால் போதும். கணக்கு அவருடைய சொத்து, அது கடைசிவரை அவர் கையில்தான் இருக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மொத்தமாக ஷெட்யூல் செய்துவிடலாமா?

பண்டிகை, தள்ளுபடி எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வரிசையை நிறுத்தும் பட்டன் எங்கே என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் சென்னை தண்ணீரில் நின்றது. அந்த மாதிரி நாளில் ‘அதிரடி ஆஃபர்’ என்று ஒரு போஸ்ட் தானாகப் போனால், வாடிக்கையாளர் மனதில் கடையின் பெயர் கெடும்.

கணக்கு அடிக்கடி டிஸ்கனெக்ட் ஆகிறதே?

பாஸ்வேர்டை மாற்றினால் பழைய அனுமதி செல்லாமல் போகலாம். டூலில் அந்தக் கணக்கை மறுபடி இணைத்துவிட்டு, இடையில் தவறிப்போன போஸ்ட்களைக் கையால் போட்டுவிடுங்கள்.