கம்பியைப் பிடித்தால் கால்சியம் தெரியுமா?

குடியாத்தத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில் ஒரு இரும்புக் கம்பியைக் கையில் பிடிக்கச் சொன்னார்கள். கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாமே குறைவு என்று கம்ப்யூட்டரில் கத்தையாகத் தாள் வந்தது. கடற்கரைக்காரர்கள் மீன் சாப்பிடுவதால் தப்பிக்கிறார்கள், வேலூர்ப் பக்கம் எல்லாருக்கும் குறைவுதான் என்று மூன்று மாதப் பவுடருக்கு 6,800 ரூபாய் கேட்கிறார்கள். 500 முன்பணம் கொடுத்துவிட்டேன். வாங்கலாமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்."

வாங்காதீர்கள். அந்தக் கம்பிக்கு உங்கள் எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. இப்படி ஒரு முகாமில் நானே பிடித்துப் பார்த்தேன். ஈரக் கையோடு பிடித்தால் ஒரு கணக்கு, துடைத்துவிட்டுப் பிடித்தால் வேறு கணக்கு. சரி, ரத்தத்தில் கால்சியம் பார்த்தால்? சாப்பாட்டில் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்த அளவைச் சரிக்கட்டிவிடும். ரிப்போர்ட் நன்றாகவே வரும், எலும்புதான் இளைக்கும். இரும்புக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்ப்பார்கள்.

ஆனால் அந்த ஆள் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். ஊருக்கு ஊர் தாது உப்புகள் மாறத்தான் செய்யும். மீன் துண்டில் கால்சியம் அதிகமில்லை, முள்ளோடு தின்கிற நெத்திலியில்தான் இருக்கிறது. அந்தக் கருவாடு குடியாத்தம் சந்தையிலும் கிடைக்கும், உப்பை நன்றாகக் கழுவிவிடுங்கள். அயோடினுக்குப் பாக்கெட் உப்பே போதும்.

நம் பக்கத்துச் சொத்து கேழ்வரகு. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். அரிசியில் 10ஐத் தொடுவதே கஷ்டம். உங்கள் மாமியார் காலத்தில் காலையில் கூழ், ராத்திரி களி. இப்போது மூன்று வேளையும் அரிசி, ஆடி மாதம் அம்மனுக்கு ஊற்றும்போது மட்டும் கூழ். குறைவு வந்தது அங்கேதான். உங்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும். 100 கிராம் மாவில் களி, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, பொடித்த கறுப்பு எள் ஒரு ஸ்பூன், கொஞ்சம் மோர் என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். மாவைச் சலித்துத் தவிட்டைக் கொட்டாதீர்கள், கால்சியத்தில் பெரும்பங்கு அதில்தான். கடையில் விற்கும் 'ராகி மால்ட்' பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முதல் பெயர் சர்க்கரை என்றால் அங்கேயே வைத்துவிடுங்கள்.

2023ல் ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தபோது நீலகிரிக்கும் தருமபுரிக்கும் கொடுத்தார்கள். களி கிண்டியே வளர்ந்த வட ஆற்காடு அன்றைக்கு யாருக்கும் நினைவு வரவில்லை! ரேஷன் அரிசியில் இரும்புச்சத்து சேர்த்த மணியை நூற்றுக்கு ஒன்று கலந்து கொடுத்து வந்தார்கள். அதை யாரும் மக்களுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. விளைவு, பிளாஸ்டிக் அரிசி என்று முறத்தில் வைத்துப் பொறுக்கி எறிந்தார்கள். அந்த மணி வந்தால் எறியாதீர்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் விடுங்கள், ஒரு மணி நேரம் போகட்டும். இல்லாவிட்டால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

இப்போது உங்கள் தைராய்டு மாத்திரை. இதைக் கவனமாகப் படியுங்கள். அதை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். பால், டீ, கூழ் எதுவானாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. டாக்டர் கால்சியம் மாத்திரையோ இரும்பு மாத்திரையோ எழுதியிருந்தால் நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். காலை ஆறுக்குத் தைராய்டு மாத்திரை என்றால் பத்துக்கு முன்னால் அவை வேண்டாம். மதியச் சாப்பாட்டோடு கால்சியம், ராத்திரி இரும்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை இரண்டும்கூட ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு) ஏன் இறங்கவில்லை என்று மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். அந்தப் பவுடரிலும் கால்சியம் இருந்தால் இதே கதைதான்.

முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் தரமாட்டான். போகட்டும், மீதி 6,300 கையில் இருக்கிறது.