‘டு ஹோம்’ ஏன் தவறு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்தாம் படிவத்தில் படிக்கும் என் மகள் ஆங்கிலக் கட்டுரையில் ‘ஐ வென்ட் டு ஹோம்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் ‘டு’வை மட்டும் சிவப்பு மையால் அடித்திருக்கிறார். அதே கட்டுரையில் உள்ள ‘ஐ வென்ட் டு ஸ்கூல்’ என்பதை அவர் தொடவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே அப்படி என்ன வேறுபாடு? பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். நெருங்குவதால் கேட்கிறேன். – வாசகி, பட்டர்வொர்த்.

பதில்: ஆசிரியர் செய்தது சரியே. ‘ஸ்கூல்’ பெயர்ச்சொல்லாக நிற்பதால் அதன் முன் ‘டு’ வேண்டும். ‘வென்ட் ஹோம்’ என்பதில் வரும் ‘ஹோம்’ இடத்தைக் காட்டும் வினையடை. நம் ‘கு’ உருபு செய்யும் வேலையையும் அதுவே செய்துவிடுகிறது. அதன் முன் ‘டு’ சேர்ப்பது ‘வீட்டுக்குக்குப் போனேன்’ என்று எழுதுவதற்கு ஒப்பாகும்.

தமிழிலும் இதற்கு இணையான வழக்கு உண்டு. ‘வீடு திரும்பினாள்’, ‘ஊர் போய்ச் சேர்ந்தான்’ என்று உருபை மறைத்து எழுதும்போது நமக்கு எந்தக் குறையும் தோன்றுவதில்லை. மலாயில் நம் ‘கு’ உருபுபோல் முன்னே வரும் ‘கெ’யைச் சேர்த்து ‘கெ சினி’ (இங்கே), ‘கெ லுவார் நெகாரா’ (வெளிநாட்டுக்கு) என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகள் ‘கம் டு ஹியர்’, ‘கோ டு அப்ராட்’ என்று எழுதிவிடுவது இயல்புதான். ஆனால், பெருநாள் வந்தால் அனைவரும் சொல்லும் ‘பாலிக் கம்போங்’ (ஊர் திரும்புதல்) என்னும் தொடரில் அந்தக் ‘கெ’ இல்லை என்பதை மகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். பழைய ஆங்கிலத்தில் சென்று சேரும் இடத்தைக் குறிக்க ‘ஹாம்’ என்னும் பெயர்ச்சொல்லை இரண்டாம் வேற்றுமையில் வைத்துச் சொன்னார்கள். இன்றைய ‘ஹோம்’ அந்த வழக்கின் எச்சமாகும்.

ஹியர், தேர், அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ், அப்ராட், ஓவர்சீஸ் ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். மாடிக்குப் போனாள் என்பதற்கு ‘ஷி வென்ட் அப்ஸ்டேர்ஸ்’ என்றால் போதும். ‘ஓவர்சீஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ஸை நம்மவர் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுவும் தவறு. எனினும் ‘ஃப்ரம்’ விலக்கப்படவில்லை. இங்கே வா என்பவர் இங்கேயிருந்து போ என்றும் சொல்வதுபோல, ‘ஃப்ரம் ஹியர்’, ‘ஃப்ரம் அப்ராட்’ என்று தாராளமாக எழுதலாம். ‘மை’ போன்ற சொல் முன்னே வந்துவிட்டால் ‘ஹோம்’ மீண்டும் பெயர்ச்சொல்லாகிவிடும். அப்போது ‘டு மை ஹோம்’ என்பதே சரி.

வரிசையையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போனேன் என்று நாம் பெரும்பாலும் காலத்தை முன்வைக்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஐ வென்ட் ஹோம் அட் ஃபைவ்’ என இடம் முந்தும்.

கேள்வி: கொம்தார் கோபுரத்தின் அருகே குடியிருக்கும் நான் ‘ஐ ஸ்டே நியர்பை கொம்தார்’ என்று சொல்வது சரியா? – வாசகர், ஜார்ஜ் டவுன்.

பதில்: சரியன்று. ‘நியர்’ என்பதற்குப் பின் எதற்கு அருகில் என்பது வர வேண்டும். ‘நியர்பை’ பக்கத்தில் என்று தனித்தே நிற்கும். ஆகவே ‘நியர் கொம்தார்’ என்று சொல்லுங்கள். கொம்தாரைப் பற்றி முன்பே பேசியிருந்தால் ‘நியர்பை’ என்று மட்டும் முடிக்கலாம். நிரந்தரமாகக் குடியிருப்பதை ‘ஸ்டே’ என்பது நம் நாட்டுப் பேச்சில் ஊறிப்போன வழக்கு என்றாலும், தேர்வுத்தாளில் ‘லிவ்’ என்றே எழுதுவது நல்லது.