பிரைட்டன் கடற்பாலங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

கே: எரிந்துபோன பாலத்தில் இப்போதும் ராட்டினம் சுற்றுகிறதே, எப்படி?

ப: எரிந்தது வேறு, சுற்றுவது வேறு. இங்கிலாந்தின் தென்கரை ஊரான பிரைட்டனில், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பாலங்கள் (பியர்) மூன்று நின்றிருக்கின்றன. 1823இல் செயின் பியர்: பிரான்சின் தியெப் துறைக்குப் போகும் கப்பலில் ஆட்கள் ஏறி இறங்க, கேப்டன் சாமுவேல் பிரவுன் சங்கிலியில் தொங்கவிட்டது. 1866இல் யூஜீனியஸ் பிர்ச்சின் வெஸ்ட் பியர். எரிந்தது இதுதான். 1899இல் பேலஸ் பியர், ராட்டினம் அங்கே. இனிமேல் பாலத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்கள், புண்ணியமாய்ப் போகும்.

கே: செயின் பியரை ஏன் இடித்தார்கள்?

ப: இடிக்கவில்லை. புதிதாகப் பேலஸ் பியரைக் கட்டுகிறவர்கள் பழையதை அகற்றவேண்டும் என்று நிபந்தனை இருந்தது. அந்தச் செலவை 1896 டிசம்பர் புயல் மிச்சமாக்கிவிட்டது. அதோடு விட்டதா? உடைந்த கட்டைகள் மிதந்துபோய் வெஸ்ட் பியரையும் மோதின.

கே: பிரைட்டனில் இருக்கும் ராயல் பெவிலியன் அரண்மனை இந்தியச் சிற்பிகள் கட்டியதுதானே?

ப: இல்லை. 1815இலிருந்து அதற்கு இந்த உருவம் கொடுத்த கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் இந்தியாவை எட்டிப் பார்த்ததே இல்லை. டேனியல் குடும்பத்து ஓவியர்கள் இங்கே சுற்றி வரைந்த படங்கள் அவருக்கு உதவின. அவர்கள் மதுரை, தஞ்சைக் கோயில்களையும் வரைந்தவர்கள். நாஷ் கோபுரத்தைத் தொடவில்லை, முகலாயக் குமிழ் மாடங்களை எடுத்துக்கொண்டார். நடுக்குமிழுக்குள் இருப்பது வார்ப்பிரும்புச் சட்டம். சமையலறைத் தூண்களும் இரும்புதான், உச்சியில் பனையோலை மாதிரி தகடு விரித்திருக்கிறார்கள். உள்ளே போனால் டிராகன், விளக்கு என்று முழுக்கச் சீனம்! வெளியே டெல்லி, உள்ளே பீக்கிங்.

கே: (மேலே கேட்டவர்) சரி, முதல் உலகப்போரில் நம் சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக மன்னர் தன் அரண்மனையையே விட்டுக்கொடுத்தாரே, அது?

ப: விட்டுக்கொடுக்க அது அவருடையதே இல்லையே. விக்டோரியா காலத்தில், 1850இலேயே, ஊர் நிர்வாகம் விலைக்கு வாங்கிவிட்டது. மன்னர் தந்தார் என்பது போர்க்காலத்துப் பிரசாரம்.

கே: (அவரே) மருத்துவமனை நடந்தது உண்மைதானே? அப்புறம் ஏன் குறை சொல்கிறீர்கள்?

ப: நடந்ததை நான் மறுக்கவில்லை ஐயா, யார் வீடு என்பதைத்தான் சொன்னேன். 1914 டிசம்பரில் தொடங்கி 1916 ஜனவரி வரை நடந்தது. பக்கத்து டோம் கட்டடத்தையும் சேர்த்து 700க்கும் மேற்பட்ட படுக்கைகள். சாதி, மதம் பார்த்து ஒன்பது சமையலறைகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய். இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே பேச்சம் மேட்டில் தகனம் செய்தார்கள். அங்கே 1921இல் எழுந்த வெள்ளைப் பளிங்கு மண்டபம்தான் சத்ரி. பிரைட்டன் போகிறவர்கள் ராட்டினத்தைவிட்டு அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.

கே: எரிந்த பாலத்துக்கு டிக்கெட் எவ்வளவு?

ப: மறுபடியுமா! முதல் பதிலைப் படியுங்கள். வெஸ்ட் பியர் 1975இலேயே மூடியாயிற்று. 2002 கடைசியில் ஒரு பகுதி சரிந்து, 2003இல் இருமுறை தீப்பிடித்தது. இன்று கடலில் நிற்பது வெறும் இரும்புக்கூடு. தண்ணீர் வடிந்த நேரம் என்று அதன் அடியில் போய் நிற்காதீர்கள்.

கே: கடற்கரை ஓட்டலில் அறை வாடகை?

ப: பயண முகவரைக் கேளுங்கள்.

கே: பேலஸ் பியரில் நாடக அரங்கு இருந்ததாமே?

ப: ஆ, பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், நன்றி. இருந்தது. 1973இல் புயலில் கட்டறுந்த படகு ஒன்று பாலத்தில் மோதியதில் அரங்கு சேதமானது. 1986இல் கழற்றி எடுத்துவிட்டார்கள்.