கச்சானுக்கு (நிலக்கடலைக்கு) எந்த மண்வெட்டி?

கேள்வி: கச்சானுக்குள் பெரிய மண்வெட்டியால் புல்லுச் செருக்கினால் இடுப்பு முறிகிறது, செடியும் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அது வாய்க்கால் வெட்டத்தான் சரி. ஒன்றரை அடி வரிசைக்கு 5 அங்குலத் தகடு போதும். பிடி நெஞ்சுயரம் இருந்தால் குனியத் தேவையில்லை. வாயை அரத்தால் தீட்டாமல் இறங்கவேண்டாம். மழுங்கினால் புல்லு அறாது, மண்தான் இழுபடும். ஓங்கிக் கொத்தாமல், தகட்டைச் சரித்து ஓர் அங்குல ஆழத்துக்குள் இழுங்கள். புல்லு விரலளவு வளர முன், வெயிலேறும் காலையில் செருக்கினால் மத்தியானத்துக்குள் வாடிவிடும். ஈரமண்ணென்றால் திரும்ப வேர்விடும். கோரைக்கு இது சரிவராது. கிழங்கைத் தோண்டி எடுக்காவிட்டால் மறுபடி முளைக்கும். பூத்து, காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கத் தொடங்கினால் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் பிடுங்குங்கள். விழுது அறுந்தால் அதில் காய் இல்லை.