வேர்க்கிறது, வேர் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 49. மாதவிடாய் வந்து எட்டு மாதங்களாகின்றன. இரவில் திடீரென்று முகமும் மார்பும் திகுதிகுவென்று எரிந்து, வியர்த்துக் கொட்டித் தூக்கம் கலைந்துவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டு குறைபாட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். அதிமதுரம், அமுக்கரா, தண்ணீர்விட்டான் கிழங்கு கலந்த சூரணத்தை, தனக்குக் குணம் தெரிந்ததென்று சொல்லித் தோழி தந்திருக்கிறார். மூலிகைதானே, சாப்பிடலாமா?

பதில்: இந்தச் சூரணம் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளோடும் மோதக்கூடிய இரண்டு வேர்கள் அதில் இருக்கின்றன. அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் கிளிசிரைசின் என்ற பொருள், உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். தொண்டைக் கரகரப்புக்கு எப்போதாவது ஒரு துண்டை மெல்லுவது வேறு, நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உண்பது வேறு. அமுக்கராவோ தைராய்டு ஹார்மோனின் அளவைக் கூட்டக்கூடியது. அது மிகுந்தால் படபடப்பும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். எதைத் தணிக்க அதைச் சாப்பிடுகிறீர்களோ, அதுவே கூடிவிடும். தண்ணீர்விட்டான் கிழங்கு பெண்களுக்கான மூலிகையென்று நெடுங்காலமாகப் பெயர் பெற்றதுதான் என்றாலும், இந்தச் சூட்டைத் தணிக்கும் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆய்வுகள் இல்லை.

தோழிக்குக் குணம் தெரிந்தது பொய்யென்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைக் கண்காணிக்கும் மூளைப் பகுதி சிறு ஏற்றத்தையும் பெருவெப்பமாக எடுத்துக்கொண்டு வியர்வையைத் திறந்துவிடுகிறது. இந்தச் சூடும் வியர்வையும் தானாகவே ஏறி இறங்கும். ஆய்வுகளில் வெறும் போலி மாத்திரை பெற்ற பெண்களிலும் பலருக்கு இந்தத் தொல்லை கணிசமாகக் குறைந்திருக்கிறது. மேலை நாடுகளில் புகழ்பெற்ற பிளாக் கோஹோஷ் வேரைப் பற்றிய 16 ஆய்வுகளை 2012-இல் தொகுத்துப் பார்த்தபோதும், அது பலனளிக்கிறது என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. சோயா சிலருக்கு ஓரளவு உதவுகிறது. ஆனால் அது தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்குமாதலால், இரண்டுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி தேவை.

இரண்டு வாரங்களுக்கு, இரவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அந்தத் தாளோடு மருத்துவரைப் பார்த்து, முதலில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தைராய்டு மாத்திரையின் அளவு கூடியிருந்தாலும் இப்படி வியர்க்கும். அளவு சரியாக இருந்தால், ஹார்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்று தயங்காமல் கேளுங்கள். பொருந்தாதவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மாத்திரைகளும் உள்ளன. மாதவிடாய் இல்லாமல் முழுதாக 12 மாதங்கள் கடந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், எந்தக் கைவைத்தியத்துக்கும் காத்திராமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.