அடம்பங்கொடியும் கல்லறைத் தோட்டமும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் கடற்கரை ஆலயப் பங்கில் வருசந்தோறும் தை மாதத் திருவிழாவில் மரக்கன்று நடுகிறோம். பெரும்பாலும் சவுக்கு. பாதிக்குமேல் பட்டுப்போகிறது. இந்த முறை கல்லறைத் தோட்டத்துப் புதரையும் அதையொட்டிய மணலில் படர்ந்த கொடியையும் ஜேசிபி வைத்து வழித்துவிட்டு நடலாம் என்கிறது பங்குப் பேரவை. "காடு மண்டிக் கிடந்தா கோவிலுக்கு அழகா?" என்கிறார்கள் பெரியவர்கள். என்ன சொல்ல?

வாசகர், குமரி மாவட்டம்

அன்புள்ள தம்பி,

முதலில் ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தக் கொடி அடம்பு. அடம்பும் ராவணன் மீசைப் புல்லும் காற்றில் வரும் மணலைப் பிடித்து மேடாக்கும். மேட்டுக்குப் பின்னால் தாழை, அதற்கும் பின்னால் புன்னை. நம் கடப்புறத்தின் சொந்தக் காடு இதுதான். குட்டையாக இருப்பதால் நாம் காடென்று மதிப்பதில்லை. புன்னை எண்ணெயை வள்ளத்துக்குப் பூசிய தாத்தாமார் உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்கள். சவுக்கின் உதிர்சருகு மெத்தைபோல மூடிவிட்டால் அடியில் வேறெதுவும் எழும்பாது.

2004 டிசம்பர் 26 அன்று மணக்குடிப் பாலத்தையே தூக்கிக்கொண்டு போன அலையை அடம்பங்கொடி நிறுத்தியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆனி, ஆடிக் காற்றில் மணல் பறந்துபோகாமல் பிடித்துவைப்பது அதுதான்.

எத்தியோப்பியாவின் வடபகுதியில் சுற்றிலும் வயலும் மேய்ச்சல் நிலமுமாகிவிட்ட பிறகும் ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களைச் சுற்றி மட்டும் பழைய காடு நிற்கிறது. ஏதேன் தோட்டத்தின் சாயலாகவே அதை வைத்துக் காக்கிறார்கள். ஆனாலும் மாடுகள் உள்ளே மேய்ந்தன. சில ஊர்களில் வயலில் கிடந்த கல்லைப் பொறுக்கி, காட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். மாடு நுழையாத இடத்தில் விழுந்த விதை முளைத்து நின்றது. விவிலியத்தின் தொடக்க நூலில் மனிதனுக்குத் தோட்டத்தில் கிடைத்த வேலை இரண்டு: பண்படுத்துவது, காப்பது. நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நடத்தான் வேண்டுமென்றால் தையில் வேண்டாம். அதற்குப் பின் மாதக்கணக்கில் வெயில். கன்று சாகாமல் என்ன செய்யும்? செப்டம்பர் 1 முதல் அசிசி புனித பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலம் கொண்டாடுகிறது. அப்போது புன்னையும் தாழையும் வையுங்கள். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.

பெரியவர்களோடு சண்டை வேண்டாம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று தாய்தகப்பன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற வழி வேண்டுமே என்பது அவர்கள் கவலை, அது நியாயம். கல்லறைகளையும் நடைவழியையும் கையால் செதுக்கிச் சுத்தமாக்குங்கள். மீதி இடத்தில் என்னென்ன செடி நிற்கிறது என்று மறைக்கல்விப் பிள்ளைகளை, ஊர்ப்பாட்டிமார் ஒருவரோடு, எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேரவைக்குப் போங்கள்.