திரவ எஞ்சின்தான் உயர்ந்தது என்றால், ராக்கெட்டில் இன்னும் திட எரிபொருள் பூஸ்டர்களை (கிளம்பும்போது தள்ளிவிடும் மோட்டார்களை) ஏன் கட்டுகிறார்கள்?

ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ் (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக விசையாக்குகிறது என்ற அளவு, வினாடியில் சொல்வார்கள்) அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திட மோட்டாருக்கு 270 வினாடி சொச்சம், திரவ ஹைட்ரஜன் எஞ்சினுக்கு 440-க்கு மேல். அட்டவணை சரிதான். ஆனால் தரையை விட்டுக் கிளம்பும்போது சிக்கனத்தைவிட முரட்டு பலம்தான் வேண்டும். இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான எல்விஎம்3 மேலெழும்போது எரிவது இரண்டு எஸ்200 திட பூஸ்டர்கள் மட்டுமே. நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் பற்றுவதற்கு இரண்டு நிமிடம்போல ஆகும்.

நான் திட உந்துபொருள் வார்க்கும் இடத்தில் ஒப்பந்த ஊழியனாக இருந்தவன். வார்த்த மோட்டாரில் குறை இருக்கிறதா என்று எக்ஸ்ரே படம் பார்ப்பது என் வேலை. திரவ எஞ்சின் பக்கத்து நண்பர்கள் எங்களைப் 'பட்டாசுக்காரர்கள்' என்பார்கள். அவர்களுக்கென்ன, எஞ்சினை மேடையில் எரித்துப் பார்த்துவிட்டுப் பறக்க விடலாம். எங்கள் மோட்டாரை எரித்துப் பார்த்தால் அதோடு தீர்ந்தது. பறக்கப்போகும் மோட்டார் எரிவதே முதல் தடவை என்பதால் எல்லா நம்பிக்கையும் வார்ப்பிலும் படத்திலும்தான்.

ஒருமுறை கேஸிங்கின் (மோட்டாரின் வெளிக்கூட்டின்) உட்பூச்சுக்கும் உந்துபொருளுக்கும் நடுவே மெல்லிய கோடு தெரிந்தது. அது இடைவெளியாக இருந்து தீ உள்ளே புகுந்தால் எரியும் பரப்பு கூடும், அழுத்தம் எகிறும், கேஸிங்கே வெடிக்கலாம். "வெறும் நிழல், விடுப்பா" என்றார் மேலதிகாரி. கோணம் மாற்றி எடுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். எடுத்தார்கள். கோடு அங்கேயேதான் இருந்தது. மோட்டாரை ஒதுக்கினார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

'சேலஞ்சர் மறந்துவிட்டதா' என்று யாராவது வருவீர்கள். மறக்கவில்லை. 1986-இல் அந்த அமெரிக்க விண்கலத்தில், குளிரில் விறைத்த ஓ-ரிங் (இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையம்) வழியாகத்தான் பூஸ்டர் இணைப்பில் தீ கசிந்தது. பற்றிய திட மோட்டாரை அணைக்க முடியாது என்பதும் உண்மை. அதனால்தான் இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட்டான ஜிஎஸ்எல்வியில் பக்கத்துத் திரவ எஞ்சின்களை முதலில் பற்றவைத்து, அவை சரியாக எரிந்தால் மட்டுமே நடுவிலுள்ள திட மோட்டாருக்குத் தீ வைக்கிறார்கள். 2001 மார்ச் 28 அன்று ஒரு எஞ்சினில் விசை ஏறவில்லை, கணினி நிறுத்திவிட்டது. திட மோட்டார் இன்னும் பற்றாததால் ராக்கெட் பிழைத்து, ஏப்ரல் 18 அன்று பறந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை.

அப்புறம், ஒதுக்கியதற்குப் பதிலாக வார்த்த மோட்டார் பறந்த அன்று, ஏவுதலைப் பார்க்க பாஸ் கேட்டேன். ஒப்பந்த ஊழியர்களுக்குக் கிடையாது என்றார்கள். 'வெறும் நிழல்' என்றவர் குடும்பத்தோடு போய் வந்தார்.